பேசும் வாகனத்தில் ஏறிச் சண்டை போட எந்த விதி சரி?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். விரிப்பது பத்தமடைப் பாய், எதிரிகளுக்குப் புளியங்கொட்டை, கதையை நடத்துவது நான். போன வருஷம் ஆனி மாதத்தில் எங்கள் கதைக்குள் ஒரு யாளி வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து ஏழு மாதம், அதன்மேல் ஏறிச் சண்டை போட எந்த விதியை வைத்துக்கொள்வது என்று நாலு வழிகளை மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தோம். இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் வேறு மேசைகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட விளையாட்டு இது. ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். ஒருவர் மட்டும் உலகத்தையும் எதிரிகளையும் நடத்துவார். முடிவு தெரியாத இடத்தில் இருபது முகப் பகடை உருளும். சண்டை வந்தால் எல்லோரும் இனிஷியேட்டிவ் போட்டு, பெரிய எண் முதலில் என்று வரிசையாக ஆடுவார்கள். நான் சொல்லப் போகிற சிக்கல் முழுக்க இந்த வரிசையில்தான் இருக்கிறது.

யாளியின் பெயர் செம்பன். என் அக்கா மகளின் கதாபாத்திரம் குறிஞ்சி, ஹாஃப்லிங் என்கிற குள்ள இனத்து ரேஞ்சர், அதாவது காட்டில் பழகிய வீராங்கனை. பொதிகை மாதிரி ஒரு மலையில் குட்டியாகக் கண்டெடுத்து வளர்த்தாள். பெரிதானதும் பெகாசஸ் என்கிற பறக்கும் குதிரையின் எண்களைக் கொடுத்து இறக்கையை மட்டும் எடுத்துவிட்டேன். 60 அடி வேகம், 59 உயிர்ப்புள்ளி, அறிவு 10. சாதாரண மனிதனின் அறிவும் 10தான். பாயின்மேல் அதற்கு அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானிலிருந்து ஒரு மரக்குதிரை. ஒரு காது உடைந்தது.

நம்மூர்க்காரர்களுக்கு அறிவுள்ள வாகனம் என்பது புதிதாகச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. திருச்செந்தூரில் முருகன் ஏறியிருக்கிற மயில் யார்? சூரபத்மன். எதிரியாக நின்று சண்டை போட்டவன், தனக்கென்று ஒரு கதை உள்ளவன். நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் போனபோது ஊரே கண்கலங்கியது. யானைமேல் இருக்கும் பாகன் காதுக்குப் பின்னால் காலால் அழுத்தித்தான் வழி சொல்வார். ஆனால் அத்தனை பெரிய உயிரை அந்தக் கால் விரல் மட்டும் நடத்தவில்லை என்று பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யானை சம்மதித்து நடக்கிறது. விளையாட்டு விதி ஒன்று இந்தச் சம்மதத்தை எங்கே வைக்கிறது? நான் ஒவ்வொரு வழியிடமும் கேட்ட கேள்வி இது ஒன்றுதான்.

புத்தகத்தில் இருப்பதை முதலில் சொல்கிறேன். 2014 பதிப்பின் விதிப்படி, உங்களைவிட ஒரு அளவாவது பெரிய, உடலமைப்பு பொருந்துகிற, சம்மதிக்கிற எந்த உயிர்மேலும் ஏறலாம். ஏறவோ இறங்கவோ உங்கள் நடையில் பாதி செலவாகும். ஏறியபின் இரண்டு வகை. பழக்கிய குதிரை, கழுதை மாதிரியானவை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். உங்கள் முறையிலேயே நகரும். ஆனால் டேஷ், டிஸ்எங்கேஜ், டாட்ஜ் என்று மூன்றே காரியம்தான் செய்யும். அதாவது வேகமாக ஓடும், அடி வாங்காமல் விலகும், தற்காத்துக்கொள்ளும். டிராகன் மாதிரி அறிவுள்ளவை சுதந்திரமானவை. தங்கள் இனிஷியேட்டிவிலேயே ஆடும், எதையும் செய்யும். அறிவு 10 உள்ள செம்பன் இரண்டாவது வகையில்தான் வரும் என்று படித்துவிட்டு, முதல் இரண்டு மாதம் அப்படியே ஆடினோம்.

அந்த இரண்டு மாதத்தில் ஒரு சண்டையை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். செந்தேரி என்று ஒரு இடம். திசையன்விளைப் பக்கத்துத் தேரிமணலை மனதில் வைத்து நான் உண்டாக்கியது. பனைகளுக்கு நடுவே கொள்ளைக் கூட்டம். செம்பனுக்கு இனிஷியேட்டிவ் 17, கொள்ளையருக்கு 12, குறிஞ்சிக்கு 6. பதினேழில் செம்பன் பாய்ந்து தலைவன் பக்கத்தில் போய் நின்று மிதித்தது. பன்னிரண்டில் நாலு பேர் சூழ்ந்து குறிஞ்சியை அடித்தார்கள். ஆறில்தான் அவளுக்கு முறை வந்தது. ஈட்டியால் இரண்டு குத்து குத்தினாள். அப்புறம் மறுபடி பதினேழு. செம்பன் அவளையும் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போனது. பாய்ந்து போய்க் குத்திவிட்டு விலகுவதுதான் சவாரி வீரரின் அழகு. வரிசை பிரிந்துவிட்டால் அது நடக்காது. பாய்வது ஒரு நேரம், குத்துவது ஒரு நேரம். நடுவில் அடி வாங்குவது எப்போதும் உண்டு.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறதே என்று ரெடி ஆக்ஷனைச் சொல்வார்கள். தன் முறையில் "செம்பன் எதிரி பக்கம் போனதும் குத்துகிறேன்" என்று சொல்லி வைத்துக்கொள்வது. செய்தோம். ஐந்தாம் லெவலில் ரேஞ்சர் ஒரே முறையில் இரண்டு தடவை அடிக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது அடி தன் முறையில் அடித்தால்தான் கிடைக்கும். ரெடி செய்து வைத்த அடி ரியாக்ஷனாக, அதாவது அடுத்தவர் முறையில் செய்கிற பதில் காரியமாக, நடப்பதால் ஒன்றோடு போயிற்று. ரியாக்ஷனும் தீர்ந்தது. யாளி ஏறியவள் நடந்து போகிறவளைவிடப் பாதி பலம் ஆகிவிட்டாள். அன்றைக்கு அவள் முகம் வாடிப்போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, செம்பனைக் கட்டுப்பாட்டு வகைக்கு மாற்றினோம். பலம் கூடிவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. செம்பன் டிஸ்எங்கேஜ் செய்து 60 அடி நகர்கிறது. போகும் வழியில் குறிஞ்சி இரண்டு குத்து குத்துகிறாள். விலகிப் போகும்போது ஒருவரும் அடிக்க முடியாது. கணக்கும் சுலபம். ஒரே முறையில் எல்லாம் முடிந்துவிடும், ஐந்து பேர் மேசையில் யாரும் காத்திருக்க வேண்டாம். முதல் தடவை ஆடுகிறவர்களுக்கும், குதிரையோ கழுதையோ ஏறுகிறவர்களுக்கும் நான் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். கழுகுத் தலையும் சிங்க உடம்பும் உள்ள கிரிஃபின் கூட இதில் தாராளமாக வரலாம். அதன் அறிவு 2தான், பழக்கினால் போதும்.

ஆனால் செம்பன் கடிக்கக் கூடாது, முட்டக் கூடாது, தானாக எதையும் செய்யக் கூடாது. தும்பிக்கையும் தந்தமும் சிங்க உடம்பும் உள்ள ஒரு உயிர், ஏறி உட்கார்ந்த நிமிஷத்தில் சைக்கிள் ஆகிவிடுகிறது. மூன்றாவது வாரம் பார்த்தால், கூடாரத்தில் செம்பனோடு யாருமே பேசவில்லை. முன்பெல்லாம் காவல் நேரத்தில் அதனிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது "யாளியைக் கட்டிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த காரியத்துக்குப் போனாள். விதி மேசையில் இருப்பவர்களின் பேச்சை மாற்றிவிடும் என்பதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் புத்தகமே தடுமாறியிருக்கிறது. பாலடின் என்கிற புனித வீரர் மந்திரத்தால் அழைக்கிற குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் அதன் அறிவு குறைந்தது 6, ஒரு மொழி புரியும், ஒரு மைல் தூரம்வரை மனதோடு மனது பேசும். அறிவுள்ளதுதானே, அப்படியானால் சுதந்திரமானதா, கட்டுப்பாட்டில் உள்ளதா? எழுத்தில் தெளிவாக இல்லை. 2024 பதிப்பு இதை முடித்து வைத்தது. ஏறியிருக்கும்போது அது கட்டுப்பாட்டு வகை, உங்கள் இனிஷியேட்டிவிலேயே ஆடும். நீங்கள் நினைவிழந்து விழுந்தால் மட்டும் உங்கள் முறை முடிந்ததும் தானாக ஆடி உங்களைக் காப்பாற்றப் பார்க்கும். அந்தக் கடைசிப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்தப் பதிப்பு ஆடினாலும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விழுந்தால் உங்கள் வாகனம் என்ன செய்யும் என்பதில்தான் அதன் குணம் இருக்கிறது.

மூன்றாவது வழி, கட்டளைக்கு விலை வைப்பது. இதில் பாத்ஃபைண்டர் என்கிற இதே மாதிரி இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு, 2019இல் வந்தது, நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. ஒரு முறையில் உங்களுக்கு மூன்று ஆக்ஷன். அதில் ஒன்றைக் கட்டளைக்குச் செலவழித்தால் உங்கள் துணை விலங்குக்கு இரண்டு கிடைக்கும். ஏறியிருக்கும்போது இருவரும் ஒரே உடம்பாகச் சண்டை போடுவதாகக் கணக்கு. அதனால் அடுத்தடுத்து அடிக்கும்போது வருகிற கழிவு, இரண்டாவது அடிக்கு 5, மூன்றாவதுக்கு 10, இருவருக்கும் சேர்த்தே எண்ணப்படும். விலங்கு ஒரு முறை அடித்துவிட்டால் அடுத்து நீங்கள் அடிப்பது இரண்டாவது அடி. சேணத்தில் உட்கார்ந்து துள்ளி விலக முடியாது என்பதற்காக ரிஃப்ளெக்ஸ் சேவில், அதாவது சட்டென்று விலகித் தப்பப் போடும் பகடையில், 2 குறையும். இன்னொரு விஷயம்: சவாரிக்கென்றே அமைந்த விலங்காக இல்லாவிட்டால், ஆளைச் சுமக்கும்போது நிலத்தில் மட்டும்தான் போகும், ஒரே முறையில் நகர்ந்தும் உதவியும் செய்யாது.

இதில் என் மனதைத் தொட்டது வேறு. துணை விலங்கு முதிர்ந்தபின், நீங்கள் கட்டளையே கொடுக்காவிட்டாலும் ஒரு ஆக்ஷனைத் தானாகச் செய்யும்; நகரும் அல்லது அடிக்கும். பழகப் பழகத் தன்னால் செய்யத் தொடங்குகிறது என்பதை ஒரு எண்ணில் காட்டிவிட்டார்கள். ஆனாலும் இது விலங்குக்கு எழுதிய விதி. செம்பன் மாதிரி நமக்குச் சமமாக யோசிக்கிற உயிர், நாம் ஒரு ஆக்ஷன் செலவழிக்காவிட்டால் சும்மா நிற்குமா? பாத்ஃபைண்டர் ஆடுகிறவர்கள் அறிவுள்ள துணைக்கு முதல் லெவலிலிருந்தே அந்த ஒரு ஆக்ஷனைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்வேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் 2020இலிருந்து ரேஞ்சரின் துணைக்கு இதே போக்குதான். உங்கள் முறையில் ஆடும், போனஸ் ஆக்ஷன், அதாவது உங்கள் முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சின்னக் காரியம், அதைக் கொடுத்தால் அடிக்கும், இல்லையென்றால் தற்காத்துக்கொள்ளும். தரைவாழ் துணை நடுத்தர அளவு என்பதால் ஹாஃப்லிங், நோம் மாதிரிச் சின்ன ஆட்கள் அதன்மேல் ஏறலாம். ஓநாய் ஏறி வருகிற ஹாஃப்லிங் ஆசை உங்களுக்கு இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதை எடுங்கள்.

வாகனமே இன்னொரு ஆட்டக்காரராக இருந்தால்? அதையும் ஒரு ராத்திரி செய்து பார்த்தோம். 2014 விதியில் விலங்காக உருமாறும் மந்திரம் தெரிந்த ட்ரூயிட் இரண்டாம் லெவலில் சவாரிக் குதிரையாக மாறலாம், நண்பர் ஏறிக்கொள்ளலாம். இருவரும் பேசி வைத்து, இரண்டு இனிஷியேட்டிவில் எது பிந்தியதோ அதில் சேர்ந்து ஆடச் சொல்லுங்கள். வேறு விதியே தேவையில்லை. குதிரையின் 13 உயிர்ப்புள்ளி தீர்ந்தால் ட்ரூயிட் மனிதனாகிவிடுவார், ஏறியவர் மண்ணில் என்பதை மட்டும் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

இனி எங்கள் மேசையில் நின்றுபோன வழி. நடமாட்டத்தை 2020 ரேஞ்சர் விதியிலிருந்தே எடுத்தேன். குறிஞ்சியின் முறையில் செம்பன் ஆடும். அவள் சொன்ன இடத்துக்குப் போகும். டேஷ், டிஸ்எங்கேஜ், டாட்ஜ் மூன்றும் இனாம். முட்டவோ மிதிக்கவோ வேண்டுமென்றால் அவளுடைய போனஸ் ஆக்ஷன். இதோடு ஒன்றைச் சேர்த்தேன். செம்பனுக்கு ஒரு அட்டை. அதில் மூன்றே வரி: எதை விரும்பும், எதைக் காக்கும், எதைச் செய்யாது. ஒரு சண்டைக்கு ஒரு தடவை, அந்த அட்டையில் உள்ள காரணத்துக்காக மட்டும், செம்பன் மறுக்கலாம் அல்லது தன் இஷ்டப்படி ஒன்றைச் செய்யலாம். மறுத்தால் குறிஞ்சிக்கு ஒரு சோழி. பிற்பாடு ஏதாவது ஒரு பகடையை அட்வான்டேஜோடு, அதாவது இரண்டு உருட்டிப் பெரியதை எடுத்து, போட அதைக் கொடுக்கலாம். ஃபேட் விளையாட்டில் தன் குணத்தால் சங்கடம் வரும்போது ஒரு புள்ளி கிடைக்குமே, அந்த எண்ணம்தான்.

செம்பனின் வாய் நான் இல்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். கதை நடத்துகிறவர் கையில் வாகனம் இருந்தால், அது மறுக்கும்போதெல்லாம் நான் அவளைத் தடுக்கிற மாதிரி ஆகிவிடும். என்னிடம் ஏற்கெனவே எதிரிகள் எல்லோரும் இருக்கிறார்கள். அவளிடமே கொடுத்தால் மறுப்பு வரவே வராது. அதனால் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவரிடம் கொடுத்தேன். எங்கள் மேசையில் அது மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. அடுத்தவர் முறை வரும்வரை கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், செம்பன் கைக்கு வந்த நாளிலிருந்து நோட்டைக் கொண்டுவருவதில்லை.

முதல் மறுப்பு இரண்டாவது வாரமே வந்தது. ஒரு ஜமீனின் ஆட்கள் யானைக்கன்றை முன்னால் நிறுத்தி அதற்குப் பின்னாலிருந்து அம்பு விட்டார்கள். குறிஞ்சி, "செம்பா, கன்றை முட்டித் தள்ளிவிட்டுப் போ" என்றாள். அண்ணாச்சி அட்டையைப் பார்த்தார், மரக்குதிரையைப் பார்த்தார், "ஏட்டி, சின்ன உசுரு. நா முட்டமாட்டேன்" என்றார். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. நான் ஒரு சோழியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் யோசித்துவிட்டு, கன்றின் கழுத்துக் கயிற்றை அறுக்கப் போவதாகச் சொன்னாள். அந்தச் சோழியைக் கொடுத்து, இரண்டு பகடையில் பெரியதை எடுத்து, அறுத்தாள். ஏழு மாதத்தில் அந்த மேசையில் நான் பார்த்த நல்ல சண்டை அதுதான்.

குறையும் உண்டு. ஆறு பேருக்கு மேல் இருந்தால் இது நேரம் தின்னும். இரண்டு பேருக்கு வாகனம் இருந்தால் வேண்டவே வேண்டாம், கட்டுப்பாட்டு வகைக்குப் போய்விடுங்கள். அட்டையில் நாலாவது வரி எழுத விடாதீர்கள். எழுதினால் வாகனம் எதற்கெடுத்தாலும் அடம்பிடிக்கும். ஒரே ஒரு சண்டைக்குச் சுமக்கச் சம்மதித்த டிராகன் மாதிரி விருந்தாளி வாகனத்துக்கு அட்டை தேவையில்லை. அதற்குச் சுதந்திர வகையே பொருத்தம், அதை நடத்துகிறவரே ஆடட்டும். எங்கே போகும் என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அங்கே சுகம்.

எந்த வழியை எடுத்தாலும் சாவைப் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். ஃபயர்பால் என்கிற நெருப்பு மந்திரத்தின் அடி 8 ஆறுமுகப் பகடை, சராசரி 28. தப்பித்தாலும் பாதி, 14. சவாரிக் குதிரைக்கு 13தான். ஏறியவர் பிழைப்பார், குதிரை பிழைக்காது. பாலடினின் மந்திரக் குதிரை என்றால் மறுபடி அழைத்துக்கொள்ளலாம். குட்டியிலிருந்து வளர்த்த துணை அப்படித் திரும்பி வராது. அதனால் பூஜ்யத்துக்கு வந்ததும் செத்தது என்று எழுதாமல், கதாபாத்திரங்கள் பிழைப்பார்களா என்று போடும் 'டெத் சேவ்' பகடையையே செம்பனுக்கும் வைத்திருக்கிறேன். முக்கியமானவர்களுக்கு அப்படி வைக்கப் புத்தகமே இடம் தருகிறது. பறக்கிற வாகனமாக இருந்தால் விழுவதையும் கணக்கில் எடுங்கள்: பத்து அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை.

போன மாதம் மறுபடி செந்தேரிக்குப் போனோம். இந்தத் தடவை பனங்காடு பற்றி எரிந்தது, அந்தப் பக்கம் ஒரு ஊர். செம்பனின் அட்டையில் மூன்றாவது வரி, "நெருப்புக்குள் போகாது". அண்ணாச்சி தலையை ஆட்டினார். குறிஞ்சி கெஞ்சவில்லை, பகடையும் கேட்கவில்லை. "இறங்குகிறேன்" என்றாள். ஹாஃப்லிங்குக்கு 25 அடி நடை. இறங்கப் பாதி போனது. மிச்சத்தில் இரண்டு கட்டம், பத்து அடி. "அதன் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன் மாமா" என்றாள் என்னிடம். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் மரக்குதிரையை எடுத்து அவளுடைய காய்க்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல வைத்தார். அடுத்த முறையிலிருந்து 25 அடி, 25 அடியாக அந்தப் பாயைக் கடந்தார்கள். முடிந்ததும் அட்டையை வாங்கி மூன்றாவது வரியை அடித்துவிட்டு அவளே எழுதினாள்: "குறிஞ்சி கூட நடந்தால் நெருப்புக்குள்ளும் வரும்."